புதுப் பேட்டரி போட்ட பிறகும்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், கால் ஆடுகிறது. போன வாரம் அதில் உட்கார்ந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இப்படி வாருங்கள், என் பக்கத்தில். பையைக் கீழே வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தரையைப் பெருக்கி ஒரு யுகம் ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை என்று வெளியே கண்ணாடிக் கதவு, ஏசி, நீல விளக்கு. உள்ளே வந்து பார்த்தால் டீக் கப்பில் ஸ்க்ரூ.

உங்களுக்கு என்ன? பையனுடைய லேப்டாப்பா? கீபோர்டில் மாம்பழ ஜூஸைக் கொட்டிவிட்டானா? அழகுதான். எங்கள் ஸ்கூலில் டெஸ்க் மேல் தண்ணீர் பாட்டில் வைத்தாலே சிஸ்டர் பெனடிக்டா முழங்காலில் நிற்க வைப்பார். கான்வென்ட் டிஸிப்ளின் அது. நான் உங்களைச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தால் அமைதியான மனுஷியாகத் தெரிகிறது. அமைதியான அம்மாக்களின் பிள்ளைகள்தான் ஜூஸ் கொட்டும்.

எனக்கு பேட்டரி. போன வாரம் இதே கடையில் புதிதாக மாற்றினேன். மாற்றியும் அதே கோளாறு. அதோ, கவுண்டருக்குப் பின்னால் காதில் எதையோ செருகிக்கொண்டு சூயிங்கம் மெல்கிறானே, ரியாஸ், அவன்தான் மாற்றினான். இப்போது டெஸ்ட் போட்டிருக்கிறானாம். "உக்காருங்க மேடம், கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றான். பேட்டரி ஓடுமாம், நான் உட்கார வேண்டுமாம். ஹவுஸ்வைஃபுக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அந்த லேப்டாப் என் பெண்ணுடையது. மிருணாளினி. காலேஜில் படித்தபோது வாங்கியது. கல்யாணமாகிப் புனேவுக்குப் போனாள், கம்பெனியில் வேறு ஒன்று கொடுத்துவிட்டார்கள் என்று இதை எனக்கு வைத்துவிட்டுப் போனாள். "ஞாயித்துக்கிழமை இதுல வீடியோல பேசலாம்மா. போன்ல பேசினா உன் மூக்கு மட்டும்தான் தெரியுது" என்றாள். என் கையில் கொடுத்தபோது அது இருந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மேல்மூடி முழுக்க ஸ்டிக்கர். பூனை, கிட்டார், நாக்கை நீட்டிக்கொண்டு ஏதோ ஒரு பூதம். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். எடுத்து முடித்துக் காட்டினேன். "பூனையை மட்டுமாவது விட்டிருக்கலாமேம்மா" என்றாள். கல்யாணமான பெண்ணுக்குப் பூனை எதற்கு?

அப்புறம் அதற்கு ஒரு உறை தைத்தேன். மெரூன் வெல்வெட். உள்ளே பஞ்சு வைத்து, சதுரம் சதுரமாகத் தையல் போட்டு, மூலையில் பூ எம்ப்ராய்டரி. சார்ஜர் ஒயர் போவதற்குப் பக்கவாட்டில் அளவாக ஒரு பட்டன் ஹோல். அந்த பட்டன் ஹோலை நீங்கள் பார்க்க வேண்டும், கடையில் வாங்கியது என்றுதான் சொல்வீர்கள். எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருளே கிடையாது. மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு, டிவி ரிமோட்டுக்கு, கேஸ் சிலிண்டருக்கு. "நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு தெச்சுடுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு இருக்கிற ஒரே ஜோக் அது.

லேப்டாப்புக்கு இடம் ஃபிரிட்ஜ் மேல். ப்ளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, ஒயரைப் பட்டன் ஹோல் வழியாகச் செருகி வைத்துவிடுவேன். வாரம் முழுக்கச் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். எப்போது எடுத்தாலும் நூறு இருக்க வேண்டும் எனக்கு. படிக்கிற காலத்திலும் நான் அப்படித்தான். தொண்ணூற்றெட்டு என்றால் அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உறையிலிருந்து எடுத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ஹாலுக்குக் கொண்டுவருவேன். சோபாவில் உட்கார்ந்தால் பின்னால் ஷோகேஸ் தெரியும், வெளிச்சமும் நன்றாக விழும். ஹாலில் ப்ளக் எட்டாது, பேட்டரியில்தான் ஓட வேண்டும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் பேசுவோம். நான் பேசுவேன், அவள் கேட்பாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கேட்கிற பிள்ளை.

பொங்கல் முடிந்த கையோடு கோளாறு ஆரம்பித்தது. அன்றைக்கு மிருணா, "ம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இருடி, முதல்ல நான் சொல்லிடறேன், மறந்துடுவேன்" என்று என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தைச் சொன்னேன். பந்தியில் அவளுடைய ஓரகத்தி அடித்த கூத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப சொல்லு" என்றேன். "ம்மா, நானும் விஷ்ணுவும்" என்றாள். பொட்டென்று போய்விட்டது. கறுப்பு. லேப்டாப்பே அணைந்துவிட்டது.

நானும் விஷ்ணுவும் என்றால் என்ன? கார் வாங்குகிறார்களாக இருக்கும். அடுத்த வாரம் நானே கேட்டேன், "என்னடி, கார் வாங்கறீங்களா?" "இல்லம்மா" என்றாள். "அப்ப என்ன, சொல்லு." அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். பொட். மறுபடியும் கறுப்பு.

வாரா வாரம் இதே கதை. இதில் இன்னொரு வேடிக்கை, இங்கே லேப்டாப் அணைந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்காரருடைய போன் அடிக்கும். எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். "யாருங்க?" என்றால், "பழைய ஆபீஸ் ஆளுங்க" என்பார். மாடியில்தான் டவர் கிடைக்கிறதாம். இறங்கி வரும்போது முகம் பேயறைந்த மாதிரி இருக்கும். ரயில்வேக்காரர்களுக்கு ரிட்டயர் ஆன பிறகும் என்ன கவலையோ!

விஷ்ணு யாரா? மாப்பிள்ளை. விஷ்ணுவர்தன். நான் பார்த்து முடித்த பையன். எங்கள் வீட்டுக்காரர் "விசாரிக்கலாமே" என்றார். மிருணா "கொஞ்சம் யோசிக்கிறேம்மா" என்றாள். இவர்கள் இரண்டு பேரும் யோசித்து முடிப்பதற்குள் பையனுக்குத் தலை நரைத்துவிடும். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பி குடித்த டம்ளரை அவனே எடுத்துக்கொண்டு போய் ஸிங்கில் வைத்தான். மேனர்ஸ்! அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். பாவம், ரொம்ப உழைக்கிற பையன். தீபாவளிக்குப் பிறகு வீடியோவில் முகம் காட்டவே நேரமில்லை. எப்போது கேட்டாலும் டூர். "போன் போட்டு நானே பேசட்டுமா?" என்றால் மிருணா பதறுகிறாள், "வேண்டாம்மா, பிஸி" என்று. புருஷனுடைய வேலைக்கு மரியாதை கொடுக்கிறாள் பாருங்கள். அதெல்லாம் வளர்ப்பு.

அவளையும் சும்மா சொல்லக் கூடாது, வீட்டையே மாற்றிவிட்டாள். முன்பெல்லாம் அவளுக்குப் பின்னால் பெரிய சோபா, கல்யாண ஃபோட்டோ, நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் எல்லாம் தெரியும். இப்போது வெறும் சுவர், ஒரு இரும்புக் கட்டில், குறுக்கே ஒரு கொடி. "என்னடி இது, ஹாஸ்டல் மாதிரி?" என்றேன். "இப்ப இப்படித்தாம்மா இருக்கேன்" என்றாள். இதுதான் ஃபேஷனாம் இப்போது, பொருளே இல்லாமல் இருப்பது. டிவியில் கூடக் காட்டினார்கள். ஒரு நாள் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வேலைக்காரியைப் பெட்ரூம் வரைக்கும் விடாதே" என்றேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தமிழ் தெரியும் போலிருக்கிறது. மிருணா தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் சொன்னால்தான் உறைக்கும்.

சரி, பேட்டரிக்கு வருகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக்காரர் ரிப்பேர் பார்த்தார். சார்ஜர் பின் லூஸ் என்றார். ஒரு ரப்பர் பேண்ட் கொண்டுவந்து பின்னோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். உலகத்தில் எது கெட்டாலும் அவருக்கு ரப்பர் பேண்ட்தான். கட்டிவிட்டு, "பாரு பாமா, லைட் எரியுது" என்றார். லைட் எப்போதும்தான் எரிகிறது! நூறு என்றுதான் காட்டுகிறது! ஒயரைப் பிடுங்கிய பிறகு பாருங்கள் கூத்தை. நூறு, தொண்ணூறு, எண்பது என்று இறங்க வேண்டுமா இல்லையா? இது நூறிலிருந்து நாற்பதுக்கு வரும். நாற்பதிலிருந்து நேராகக் கறுப்பு. படியில் இறங்குகிற மாதிரி இல்லை, மாடியிலிருந்து குதிக்கிற மாதிரி.

அப்புறம்தான் அந்தத் தாரிணி வந்து மூக்கை நுழைத்தாள்.

தாரிணி எங்கள் எதிர்வீட்டுப் பெண். பெங்களூரில் பெரிய வேலை, தடபுடலாகக் கல்யாணம், இந்தத் தெருவே அடைத்துக்கொண்டு பந்தல். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மார்கழியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். ஏன், என்ன என்று அவள் அம்மாவும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. நான் கேட்காமல் இருந்தேனா? கேட்டேன். "ஒத்துவரலை ஆன்ட்டி" என்றாள். ஒத்துவரவில்லையாம்! செருப்பு வாங்கினாளா, ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுக்க?

ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், நான் லேப்டாப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "நான் பாக்கட்டுமா ஆன்ட்டி?" என்றாள். வேண்டாம் என்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். மேஜை மேல் வைத்து ஒரு விரலால் அழுத்தினாள். லேப்டாப் இப்படியும் அப்படியும் ஆடியது, இந்த நாற்காலி மாதிரி. மூடிப் பார்த்தாள், முழுதாக மூடவில்லை. மவுஸ் மாதிரி விரல் தேய்ப்போமே, அந்தச் சதுரம், அது ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. எனக்கும் தெரியும் அது தூக்கிக்கொண்டிருந்தது. பழசானால் எதுதான் தூக்கிக்கொள்ளாது?

"ஆன்ட்டி, உள்ள பேட்டரி வீங்கியிருக்கு. அதுதான் மேல தள்ளுது. தயவுசெஞ்சு இதுக்கு மேல சார்ஜ் போடாதீங்க. தீப்பிடிச்சாலும் பிடிக்கும். மாத்திடுங்க" என்றாள். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "மிருணா எப்படி இருக்கா?" என்று கேட்டாள். கேட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. "ராணி மாதிரி இருக்கா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசுங்க ஆன்ட்டி அவகிட்ட" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "அதுக்குத்தானேம்மா பேட்டரி மாத்தணும்?" என்றேன். பேசுங்கள் என்று எனக்குச் சொல்கிறாள், எனக்கு!

இங்கே கொண்டுவந்தேன். இந்த ரியாஸ் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினான். உண்மையாகவே பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. தாரிணி சொன்னதுதான். சரி, ஏதோ படித்ததற்கு அதுவாவது தெரிகிறதே. அப்புறம் இவன் என் உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், இதுக்குள்ள வச்சேவா சார்ஜ் போட்டீங்க?"

"ஆமா. தூசி படக் கூடாதுல்ல?"

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்தான்."

"எங்க வச்சு?"

"ஃபிரிட்ஜ் மேல."

பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. "மூச்சு முட்டிச் செத்திருக்கு மேடம். சூடு வெளிய போக வழியே இல்ல. அதுவும் சதா நூறுலயே வச்சிருந்தா எந்த பேட்டரியும் தாங்காது. கொஞ்சம் இறங்க விடணும், அப்புறம் ஏத்தணும். அதையும் கொஞ்சம் ஃப்ரீயா விடுங்க மேடம்."

எப்படி? என் உறையைக் குறை சொல்கிறான். சிஸ்டர் பெனடிக்டா எல்லா கிளாஸுக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய தையல் என்னுடையது. மட்டமான சரக்கைச் செய்துவிட்டு, சூடு தாங்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்று சாக்கு. பத்திரமாக வைத்துக்கொண்டது தப்பாம். ஃப்ரீயாக விட வேண்டுமாம். இவன் வயதுக்கு இவனே இன்னும் அம்மா கையால்தான் சாப்பிடுவான்.

வாயை மூடிக்கொண்டு புதுப் பேட்டரி போடச் சொன்னேன். போட்டான். விலையைக் கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். சதுரம் கீழே அமுங்கி, லேப்டாப் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மிருணா வந்தாள். மெலிந்திருந்தாள், பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. "நெத்தி ஏன்டி காலியா இருக்கு?" என்றேன். "மறந்துட்டேம்மா" என்றாள். "புது பேட்டரி போட்டாச்சு, இனிமே எவ்வளவு நேரம் வேணாலும் பேசலாம்" என்றேன். அவளுக்கும் அது நிம்மதி போல, கண்ணை மூடித் திறந்தாள்.

"ம்மா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?"

"மே மாசத்துலயா? கத்திரி வெயில்ல எவளாவது திருச்சிக்கு வருவாளா? இங்க இருக்கறவங்களே எங்கயாவது ஓடிடலாமான்னு பாக்கறாங்க."

"பரவாயில்லம்மா."

"மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்?"

எனக்கு சிக்னல் போய்விட்டதோ என்று சந்தேகம். "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேம்மா" என்றாள். "கொஞ்ச நாள்னா, ரொம்ப நாள் ஆகலாம்" என்றாள். ரொம்ப நாள் இருக்க அவள் ரூம் எங்கே காலியாக இருக்கிறது? தையல் மெஷின், துணி மூட்டை, எல்லாம் அங்கேதான் போட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் முகம் என்னவோ போல இருந்தது. சரி, கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று தாரிணி கதையை எடுத்தேன்.

நான் அவளை நடித்தே காட்டினேன். பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தது, "ஒத்துவரலை ஆன்ட்டி" என்று தலையை ஆட்டியது, எல்லாம். "வீங்கின பேட்டரியைக் கண்டுபிடிக்கத் தெரியுது, ஒரு புருஷனோட இருக்கத் தெரியலை. வெக்கமே இல்லாம காலையில வாக்கிங் வேற போறா" என்றேன். மிருணா சிரிக்கவில்லை.

"அவ இடத்துல நான் இருந்தா என்னம்மா பண்ணுவே?" என்றாள்.

"நீ அப்படிப்பட்டவ இல்லை. அப்படி வந்து நின்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்வதுதானே? நீங்கள் சொல்ல மாட்டீர்களா?

பொட்.

போய்விட்டது. புதுப் பேட்டரி! ஆனால் இந்தத் தடவை கறுப்பு இல்லை, கேளுங்கள், அதுதான் எனக்குப் புரியவே இல்லை. லேப்டாப் அணையவில்லை. திரை பளிச்சென்று இருக்கிறது. மிருணாவைக் காணோம், அவள் இருந்த இடத்தில் என் முகம் மட்டும் பெரிதாக, வாயைத் திறந்துகொண்டு. மூலையில் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டுகிறது. தொண்ணூறைக் காட்டிக்கொண்டே பேச்சு அறுந்துபோனால் அது என்ன பேட்டரி?

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைக் கீழே வைத்தார். "பாமா, அது பேட்டரி இல்லை" என்றார்.

"பின்ன என்ன, ரப்பர் பேண்டா?" என்றேன்.

எழுந்து மிருணா ரூமுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தடதடவென்று சத்தம். பார்த்தால் என் தையல் மெஷினை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்! துணி மூட்டையெல்லாம் சோபா மேல். "என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றேன். "ரூம் அடைசலா இருக்கு" என்றார். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து அந்த ரூமுக்குப் புது ஃபேன் போட்டிருக்கிறார். ஆளே இல்லாத ரூமுக்கு ஃபேன்! வேலை வெட்டி இல்லாத ஆம்பளைகளை வீட்டில் வைத்திருப்பது இருக்கிறதே, அதற்கெல்லாம் ஒரு உறை தைக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

இதோ, கூப்பிடுகிறான். இருங்கள், ஒரு நிமிஷம். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டீர்களா அவன் சொன்னதை? இங்கிருந்தே கேட்டிருக்குமே, அவ்வளவு பெரிய தொண்டை. "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு மேடம், நாலு மணி நேரம் நிக்கும். உங்க சைடுல ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் யாராச்சும் கட் பண்ணியிருப்பாங்க." கட் பண்ணியிருப்பார்களாம்! "எம் பொண்ணு எதுக்குப்பா கட் பண்ணப் போறா? நான் பேசிக்கிட்டிருந்தேன்!" என்றேன். அவன் சூயிங்கத்தை மென்றான். நீங்களும் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் பக்கம் கோளாறு இல்லை என்றால் அவள் பக்கம் கோளாறு. அவளுடைய லேப்டாப்பிலும் பேட்டரி போயிருக்கிறது. இதைச் சொல்ல ஒரு ரியாஸ் வேண்டுமா? அங்கே யார் இருக்கிறார்கள் அவளுக்கு மாற்றிக் கொடுக்க? மாப்பிள்ளை டூர். நானே இங்கே ஒன்று வாங்கி, புனே போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன். அம்மா என்று இருந்தால் இதெல்லாம் செய்ய வேண்டாமா? என்ன மாடல் என்று தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் போடுகிறேன், எடுக்கவே மாட்டேன் என்கிறாள். மீட்டிங்காக இருக்கும். காலையில் போட்டேன், மத்தியானம் போட்டேன், அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்துப் போட்டேன். அந்தக் கம்பெனியில் மீட்டிங் தவிர வேறு வேலையே கிடையாது.

உங்கள் போனிலிருந்து ஒரு தடவை போட்டுப் பாருங்களேன். என் போனில் இந்தக் கடைக்குள் டவர் சரியாக இல்லை. நம்பர் நான் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். போட்டுவிட்டீர்களா? ஸ்பீக்கரில் வைக்காதீர்கள், இவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், லேப்டாப் என்ன மாடல் என்று. அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று முதலிலேயே சொல்ல வேண்டாம், சும்மா கேளுங்கள்.

மணி அடிக்கிறதா?

எடுத்துவிட்டாளா? அதற்குள்ளா?

என்ன சொல்கிறாள்? ஹிந்தியா? உங்களுக்கு ஹிந்தி தெரியுமா? என்ன கேட்கிறாள்? பேக்கர்ஸா? எந்த பேக்கர்ஸ்? சாமான் ஏற்றுகிற பேக்கர்ஸா? வண்டி எத்தனை மணிக்கு வரும் என்றா? ஹாஸ்டல் வாசலில் நிற்கிறேன் என்றா?

ஹாஸ்டலா?

என்னிடம் கொடுக்காதீர்கள். இல்லை, வேண்டாம். மாடலும் கேட்க வேண்டாம். ராங் நம்பர் என்று சொல்லிவிடுங்கள். சொல்லுங்கள், வையுங்கள்.

என்ன சொன்னாள்? "பரவாயில்லைங்க" என்றா? தமிழிலேயா? நீங்கள் தமிழில் சொன்னதால் அவளும் தமிழில் சொல்லியிருப்பாள். மரியாதை தெரிந்த பெண். குரல் எப்படி இருந்தது? ஜலதோஷம் பிடித்த மாதிரியா? ஏசி. ராத்திரி முழுக்க ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? எத்தனை தடவை சொன்னேன்.

அந்த ரூமில் ஏசி எங்கே இருந்தது? நான் பார்க்கவே இல்லையே.

தண்ணீர் வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடையில் காற்றே கிடையாது, கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பி, ரியாஸ், லேப்டாப்பைக் கொடுப்பா. உறையில் போட வேண்டாம், அப்படியே கொடு. அதில் நுழைத்து ஜிப் போடுவதற்குள் பொழுது போய்விடும். உறை இங்கேயே கிடக்கட்டும், உங்கள் டீக் கப்பை மூட உதவும்.

நான் கிளம்புகிறேன். வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ரூமைக் காலி பண்ணியிருக்கிறாராம், ஆம்பளைகள் காலி பண்ணுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஃபேனைப் போட்டுவிட்டால் ஆயிற்றா? அந்த மெத்தை வருஷக்கணக்காகச் சுருட்டிக் கிடக்கிறது. மாடியில் போட்டு, கம்பால் நாலு சாத்துச் சாத்தி, இரண்டு பக்கமும் திருப்பிக் காயவைக்க வேண்டும். இந்தக் கத்திரி வெயில் அதற்காவது பிரயோஜனப்படட்டும்.

நான் பேட்டரி என்று சொன்னது பேட்டரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை அப்படிப் பார்க்காதீர்கள், உங்கள் பையன் ஜூஸைப் பாருங்கள்.

புனேயிலிருந்து சாமான் வண்டி வர எத்தனை நாளாகும்? உங்களுக்குத் தெரியாதா? சரி, எத்தனை நாளானால் என்ன. அவள் அதற்கு முன்னாலேயே ரயிலில் வந்துவிடுவாள். இனிமேல் நான் எங்கேயும் நகர முடியாது. பெல் அடித்தால் அவருக்குக் காது கேட்காது. கதவைத் திறக்க நான்தான் இருக்க வேண்டும்.